புரள்வு வரி: திருகோணமலைச் சிறு வியாபாரிகள் கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். மத்திய வீதிக் கடையில் கேட்ட அதே சந்தேகம் உப்புவெளி விடுதியிலும் வரும், கிண்ணியா தச்சுப் பட்டறையிலும் வரும். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. உதாரணங்களில் வரும் விற்பனைத் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. வீதங்களும் ஆண்டுகளும் சட்டத்தில் உள்ளவை.

புரள்வு எண்டால் என்ன அண்ணா, இலாபமா?

இல்லை. கடைக்கு விற்பனையால் வந்த, வர வேண்டிய முழுத் தொகைதான் புரள்வு. 950 ரூபாவுக்கு வாங்கியதை 1,000 ரூபாவுக்கு விற்றால் உங்கள் கையில் நிற்பது 50. புரள்வு 1,000. வாடகை, மின்சாரம், வேலையாள் சம்பளம், வங்கி வட்டி எதையும் அதிலிருந்து கழிக்க முடியாது.

வருமான வரி இலாபத்தைப் பார்க்கும். புரள்வு வரி விற்பனையைப் பார்க்கும். இனி வரும் எல்லாப் பதில்களும் இந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகின்றன.

இப்ப எங்களுக்கு எந்தெந்த வரி இப்பிடி விற்பனையில விழுது?

முதலாவது சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி. 2022 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டத்தின்படி 2022 ஒக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீதம் 2.5 சதவீதம். கீழே 'பங்களிப்பு வரி' என்று நான் சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்த விடுதிகளுக்கான சுற்றுலா அபிவிருத்தி அறவீடு. புரள்வில் 1 சதவீதம். மூன்றாவது, அப்படிப் பதிந்த விடுதி, உணவகங்களிடம் உள்ளூராட்சி சபை வாங்கும் வருடாந்த உரிமக் கட்டணம். பிரதேச சபைச் சட்டப்படி அது முந்திய ஆண்டு வரவில் 1 சதவீதத்துக்கு மேற்படாமல் அறவிடலாம். பெயர் கட்டணம் என்றாலும் கணக்கிடும் முறையைப் பார்த்தால் அதுவும் புரள்வு வரிதான்.

என்ர கடை சின்னக் கடை. எனக்கும் பங்களிப்பு வரி வருமா?

2024 ஜனவரி 1 முதல் வரம்பு காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி, வருடத்துக்கு 6 கோடி ரூபா. அதற்கு முன் 12 கோடியாக இருந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் இதை 2026 ஏப்ரல் 1 முதல் 3.6 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். ஆகவே உங்கள் விற்பனை 3.6 கோடிக்கு மேலே இருந்தால் எட்டி நின்று பார்க்கும் நிலையில் நீங்கள் இல்லை. கணக்கு எழுதும் காலாண்டுக்கு எந்த வரம்பு என்பதை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டு முடிவெடுங்கள்.

கோடி என்றதும் பலர் "அது பெரிய ஆக்களுக்கு" என்று நினைத்துவிடுகிறார்கள். 6 கோடியை 365 நாளால் பிரித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 64 ஆயிரம். 3.6 கோடி என்றால் ஒரு லட்சத்துக்கும் குறைவு. சீமெந்தும் கம்பியும் விற்கும் கடைக்கு, மொத்தப் பலசரக்குக் கடைக்கு, இது நடுத்தரமான ஒரு நாள் வியாபாரம். விலைவாசி ஏறிய பிறகு விற்ற மூட்டை கூடாமலே விற்பனைத் தொகை கூடிவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2.5 வீதம் எண்டு சொல்றீங்கள், பக்கத்துக் கடைக்காரர் 1.25 எண்டு சொல்றார். எது சரி?

இரண்டும் சரி. வீதம் எல்லோருக்கும் 2.5 தான். ஆனால் புரள்வில் எவ்வளவு பங்குக்கு வரி என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். சேவை வழங்குபவருக்கு முழுப் புரள்வும். உற்பத்தியாளருக்கு 85 சதவீதம். மொத்த, சில்லறை வியாபாரிக்கு 50 சதவீதம். விநியோகத்தருக்கு 25 சதவீதம். அப்படியென்றால் கையால் கட்டுவது முறையே 2.5, 2.125, 1.25, 0.625 சதவீதம்.

விநியோகத்தர் என்று சொல்லிக்கொண்டால் போதாது. இலங்கையில் பொருள் செய்யும் உற்பத்தியாளர் உங்களை அப்படி நியமித்திருக்க வேண்டும், விலையையும் அவரே தீர்மானிக்க வேண்டும். நியமனக் கடிதம் கோப்பில் இருக்கட்டும்.

எனக்குப் பட்டறையும் இருக்கு, பக்கத்தில பெயின்ற் கடையும் இருக்கு. எப்பிடிக் கணக்குப் பார்க்கிறது?

இரண்டு கடையும் ஒருவரின் பெயரில் என்றால் வரம்பைப் பார்க்கும்போது இரண்டின் விற்பனையையும் கூட்ட வேண்டும். வரி போடும்போது பிரிக்க வேண்டும். நீங்களே செய்து விற்கும் கதவு, ஜன்னல் உற்பத்திப் பக்கம். வாங்கி விற்கும் பெயின்ற் சில்லறைப் பக்கம். வீட்டுக்குப் போய்க் கதவு பொருத்திக் கொடுத்துக் கூலி வாங்கினால் அது சேவை.

இதனால்தான் பில் புத்தகத்தைப் பற்றி நான் விடாமல் சொல்கிறேன். "கதவு 4, பொருத்துக்கூலி, பெயின்ற் 2 வாளி" என்று மூன்றும் ஒரே தொகையாக ஒரு வரியில் எழுதிய பில் இருந்தால் எது எந்தப் பக்கம் என்று பிறகு நிரூபிக்க வழியில்லை. பில்லில் மூன்று வரி எழுத அரை நிமிடம் போதும். மாத முடிவில் மூன்று நிரலாகக் கூட்டி வையுங்கள்.

போன வருசம் எனக்கு நட்டம். நட்டத்துக்கும் வரி கட்டவேணுமா?

ஆம். புரள்வு வரம்பைத் தாண்டினால் கட்டத்தான் வேண்டும். இந்த வரிமுறையில் என்னை உறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு ஹாட்வெயார் கடை. வருட விற்பனை 8 கோடி. எல்லாச் செலவும் போக, இந்த வரிக்கு முன் நூற்றுக்கு 3 ரூபா நிற்கிறது, அதாவது 24 லட்சம். பங்களிப்பு வரி 8 கோடியில் பாதிக்கு 2.5 சதவீதம், 10 லட்சம். இலாபத்தில் ஏறத்தாழ 42 சதவீதம் போய்விட்டது. அதே 8 கோடிக்கு விற்று நூற்றுக்கு 12 ரூபா பார்க்கும் இன்னொரு கடைக்கு இலாபம் 96 லட்சம். அவரும் கட்டுவது அதே 10 லட்சம்தான், இலாபத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு. வசதியாக இருப்பவருக்கு இலேசாகவும் இழுபறியில் இருப்பவருக்குக் கடினமாகவும் விழுகிறது. இரண்டாவது வருடம் முதலாவது கடைக்கு 5 லட்சம் நட்டம் என்றால், அந்த 10 லட்சமும் சேர்ந்து நட்டம் 15 லட்சம்.

வருமான வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு 18 லட்சம் வரை வருமான வரி இல்லை, அடுத்த 10 லட்சத்துக்கு 6 சதவீதம். 24 லட்சம் இலாபத்துக்கு வருமான வரி 36,000 ரூபா. அதே மனிதர் புரள்வு வரியாக 10 லட்சம் கட்டுகிறார். அவருடைய நிலைமையை ஒரு சட்டம் ஒரு விதமாகவும் மற்றச் சட்டம் வேறு விதமாகவும் அளக்கிறது.

அப்ப விலையில ஏத்தி விடலாம்தானே?

ஏற்ற முடிந்தவர்களுக்குப் பிரச்சினை குறைவு. ஆனால் பைக்கற்றில் அதிகபட்ச சில்லறை விலை அச்சடித்து வரும் பொருளுக்கு உங்களால் ஒரு ரூபாகூட ஏற்ற முடியாது. அச்சடிக்காத பொருளிலும், பக்கத்துக் கடை வரம்புக்குக் கீழே இருந்தால் அவர் அந்த வரியில்லாத விலைக்கு விற்பார். வாடிக்கையாளர் அவரிடம் போவார்.

ஏற்றுவதாக இருந்தால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். விலையை ஏற்றினால் புரள்வும் ஏறும், அந்த ஏற்றத்துக்கும் வரி வரும். 1.25 சதவீதத்தை முழுவதும் மீட்க விலையை 1.27 சதவீதம் அளவில் ஏற்ற வேண்டும். சேவைக்கு 2.5 ஐ மீட்க 2.56 சதவீதம் அளவில். இந்த வித்தியாசம் சின்னது. பெரிய வித்தியாசம் வேறு: மேலே சொன்ன 950 - 1,000 உதாரணத்தில் வரி 12 ரூபா 50 சதம். விற்பனை விலையில் பார்த்தால் 1.25 சதவீதம், உங்கள் 50 ரூபா ஆதாயத்தில் பார்த்தால் கால்வாசி. விலை போடும்போது இரண்டாவது கணக்கைப் பாருங்கள்.

வற் வரியும் விற்பனையிலதானே எடுக்கிறாங்கள்? ரெண்டும் ஒண்டுதானே?

வெளியிலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். வரம்பும் 2024 முதல் இரண்டுக்கும் 6 கோடி. வற் என்ற பெறுமதி சேர் வரியின் வீதம் 18 சதவீதம் என்பதால் அதுதான் பயமாகத் தெரியும். ஆனால் வற் வரியில் நீங்கள் சரக்கு வாங்கும்போது கட்டியதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் திணைக்களத்துக்குக் கட்டுகிறீர்கள். உங்கள் கடையில் கூடிய பெறுமதிக்கு மட்டும் வரி. பங்களிப்பு வரியில் அந்தக் கழிவு கிடையாது. உங்களுக்கு முன் இருந்தவர் கட்டியது அவர் விலைக்குள் ஒளிந்து வந்துவிடும். நீங்கள் அதன் மேலேயும் கட்டுவீர்கள்.

அதென்ன வரிக்கு மேல வரி? ஒருக்கா விளங்கப்படுத்துங்கோ.

இறக்குமதித் தரை ஓடு ஒன்றை எடுப்போம். சுங்கத்தில் பெறுமதி 100 ரூபா என்று வைத்தால், இறக்குமதியில் முழுப் பெறுமதிக்கும் வரி என்பதால் அங்கே 2.50. பிறகு விற்கும் ஒவ்வொருவருக்கும் 1.25 சதவீதம். இறக்குமதியாளர் கொழும்பில் 120 க்கு விற்கிறார், 1.50. திருகோணமலை மொத்த வியாபாரி 135 க்குக் கொடுக்கிறார், 1.69. சில்லறைக் கடை 150 க்கு விற்கிறது, 1.88. எல்லோரும் வரம்புக்கு மேலே இருந்தால் வாடிக்கையாளர் கொடுத்த 150 ரூபாவுக்குள் 7 ரூபா 56 சதம் இந்த ஒரு வரி மட்டும். சட்டத்தில் 2.5 என்று எழுதியிருந்தாலும் கடைசி விலையில் 5 சதவீதம்.

கைமாற்றம் கூடக்கூட வரி கூடும். நேரடியாக இறக்குமதி செய்து, தன் லொறியில் கொண்டுவந்து, தன் காட்சியறையிலேயே விற்கும் பெரிய நிறுவனத்துக்கு நடுவில் இரண்டு கைமாற்றம் இல்லை. அதனால் அவரால் மலிவாகக் கொடுக்க முடிகிறது. எங்கள் ஊர்ச் சிறு கடைகள் சங்கிலியின் கடைசியில் நிற்பவை. கொழும்பிலிருந்து தூரம் கூடினால் கையும் கூடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் அல்ல. ஜேர்மனி பல பத்தாண்டுகளாக இப்படி அடுக்கடுக்காக விழும் புரள்வு வரியை வைத்திருந்து 1968 இல் பெறுமதி சேர் வரிக்கு மாறியது. இலங்கையும் தன் புரள்வு வரியை 1998 ஏப்ரலில் நிறுத்தி, பொருட்கள் சேவைகள் வரிக்கும், 2002 ஓகஸ்டில் வற் வரிக்கும் மாறியது.

அப்ப ஏன் திருப்பித் திருப்பிக் கொண்டு வாறாங்கள்?

அறவிடுவது சுலபம், காசு உடனே வரும். இலாபத்தைக் கணக்கிட ஒரு வருடம் வேண்டும், விற்பனையை மாதம் மாதம் பார்க்கலாம். 2009 பெப்ரவரியில் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி வந்தது, அதுவும் புரள்வில் விழுந்த வரிதான், 2019 டிசம்பர் 1 உடன் போனது. மாகாண சபைகள் அறவிட்ட வியாபாரப் புரள்வு வரி 2011 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, அதற்குப் பதிலாகத் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் போனது. புரள்வில் விழுந்த இன்னொன்றான பொருளாதார சேவைக் கட்டணம் 2020 ஜனவரியில் போனது. அதையாவது வருமான வரியில் கழிக்க முடிந்தது. 2022 இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது பங்களிப்பு வரி வந்தது.

அரசுக்கு அப்போது வேறு வழி குறைவாக இருந்தது என்பதை நான் ஏற்கிறேன். அந்த அவசரத்தின் பாரம் இலாபத்தைப் பார்க்காமல் பகிரப்பட்டது என்பதுதான் என் மனக்குறை.

நான் வரம்புக்குக் கீழ. எனக்கு ஒரு பாதிப்பும் இல்லைத்தானே?

படிவம் நிரப்பும் வேலை இல்லை, அவ்வளவுதான். மேலே தரை ஓட்டுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். கடைசிக் கடை வரம்புக்குக் கீழே இருந்தாலும் 5 ரூபா 69 சதம் ஏற்கெனவே வாங்கும் விலைக்குள் இருக்கிறது. அதை யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது.

நிலாவெளியில எட்டு அறை வைச்சிருக்கிறன். சீசனுக்கு மட்டும்தான் ஆக்கள். எனக்கு எப்பிடி?

எங்கள் கரையில் மே முதல் செப்டெம்பர் வரைதான் கடல் அமைதி, உல்லாசப் பயணிகளும் அப்போதுதான். ஆனால் வரம்பு காலாண்டுக்கும் உண்டு. ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மூன்று மாதமும் சேர்ந்து காலாண்டு வரம்பைத் தாண்டிவிட்டால் மாரியில் அறைகள் பூட்டிக் கிடந்தாலும் அந்தக் காலாண்டுக்கு நீங்கள் பொறுப்பு. வருடம் முழுக்க ஒரே அளவாக விற்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஜூன் முடிவிலேயே முன்பதிவுப் பட்டியலைக் கூட்டிப் பாருங்கள்.

பங்களிப்பு வரி வராவிட்டாலும், நீங்கள் பதிந்த விடுதி என்றால் இரண்டாவது கேள்வியில் சொன்ன இரண்டும் இருக்கின்றன. வருட வரவு 2 கோடி என்றால் சுற்றுலா அறவீடு 2 லட்சம், சபைக் கட்டணம் முழு 1 சதவீதமாக இருந்தால் இன்னொரு 2 லட்சம். "நாங்கள் சின்ன ஆக்கள், வரி இல்லை" என்று அறை வாடகையைத் தீர்மானித்தவர்களுக்கு வருட முடிவில் இந்த 4 லட்சம் பெரிய அடி.

வெளிநாட்டு வெப்சைற்றில புக் பண்ணுறாங்கள். அவங்கள் கொமிஷன் எடுத்த பிறகுதான் எனக்குக் காசு வருது. எது என்ர புரள்வு?

விருந்தினர் அறைக்குக் கொடுத்த முழுத் தொகை. 20,000 ரூபா அறைக்கு 3,000 கொமிஷன் போய் வங்கிக்கு 17,000 வந்தாலும் புரள்வு 20,000. கொமிஷன் உங்கள் செலவு, முதல் கேள்வியில் சொன்னபடி செலவு கழியாது. வங்கிக் கூற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் குறைத்துக் காட்டியதாக முடியும். அந்தத் தளம் மாதம் மாதம் அனுப்பும் கூற்றை இறக்கி வையுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. புறாத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் படகுக்காரர், தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டுக்கான காசையும் சேர்த்து வாங்கி அங்கே கட்டுகிறார். அந்தக் காசு அவருடையது அல்ல. ஆனால் பில்லில் படகுக் கட்டணம் வேறு, நுழைவுச் சீட்டு வேறு என்று எழுதி, சீட்டின் அடிக்கட்டையையும் வைத்திருந்தால்தான் அதைக் காட்ட முடியும். மொத்தமாக "ட்ரிப்" என்று ஒரு தொகை எழுதினால் எல்லாமே அவர் வரவு போலத்தான் தெரியும்.

கடனுக்குக் குடுத்த சாமானுக்கும் வரியா? காசு இன்னும் வரேல்லையே.

புரள்வில் வர வேண்டிய தொகையும் அடங்கும். ஒப்பந்தக்காரருக்குக் கடனுக்குக் கம்பி கொடுத்தீர்கள், அவருக்கு அரச வேலைக் காசு ஆறு மாதம் கழித்து வரும், பிறகுதான் உங்களுக்கு. நீங்களோ ஒவ்வொரு மாதத்து வரியையும் அடுத்த மாதம் 20 ஆம் திகதிக்கு முன் கட்டியிருக்க வேண்டும். காலாண்டு விவரத்திரட்டும், அதாவது திணைக்களத்துக்குக் கொடுக்கும் கணக்குப் படிவமும், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 20 ஆம் திகதிக்குள். ஆகவே கடன் விற்பனை கூடிய கடைக்கு இந்த வரி வட்டிச் செலவையும் சேர்த்துக் கொண்டுவரும். கடனுக்குக் கொடுக்கும்போதே 1.25 சதவீதத்தை முற்பணத்தில் வாங்கப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

கடன் அறவே வராது என்று ஆகிவிட்டால் அந்த அறவிட முடியாக் கடனைப் புரள்விலிருந்து நீக்கலாம். அதற்குக் கேட்டு அனுப்பிய கடிதங்கள் வேண்டும். "அவர் தரமாட்டார்" என்ற வாய்ப்பேச்சு போதாது.

5 கோடியே 95 லட்சத்தில நிக்கிறன். கடையை மனிசியின்ர பேரில பாதி மாத்தினால் என்ன?

இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்பது எனக்கு நன்றாக விளங்கும். வரம்பு 6 கோடி என்றால் 6 கோடிக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாண்டினால் முதல் ரூபாவிலிருந்து முழுவதற்கும் வரி. 5.95 கோடியிலிருந்து 6.05 கோடிக்குப் போனால் கூடியது 10 லட்சம் வியாபாரம், நூற்றுக்கு 5 என்றால் 50 ஆயிரம் ஆதாயம். வரும் வரி 7 லட்சத்து 56 ஆயிரத்து 250. வளர்ந்ததற்குத் தண்டம் போலத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்திலும் மொத்த வரவில் 0.26 சதவீத வரி இருக்கிறது. ஆனால் அங்கே 2025 முதல் எல்லோருக்கும் முதல் 60 லட்சம் டொலர் கழிக்கப்பட்டு, மேற்பட்டதற்கு மட்டும்தான் வரி. எங்கள் சட்டத்தையும் அப்படித் திருத்தச் சொல்லி வர்த்தக சங்கங்கள் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் ஒரே கட்டடம், ஒரே களஞ்சியம், ஒரே வேலையாட்கள், காசு போவது ஒரே வங்கிக் கணக்கு, பெயர்ப்பலகை மட்டும் இரண்டு என்றால் அது பிரிப்பு அல்ல, மறைப்பு. விசாரணை வந்தால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள், பழைய காலாண்டுகளும் தோண்டப்படும். உண்மையாகவே மனைவி தன் முதலோடு தனிக் கடை நடத்தினால் அது வேறு கதை. அதற்குத் தனிக் கொள்முதல், தனிப் பேரேடு, தனி வங்கிக் கணக்கு எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

எனக்கு ஆதாயம் குறைஞ்ச சாமான்தான் கூட ஓடுது. அதை நிப்பாட்டவா?

பொருள் பொருளாகப் பாருங்கள். ஒரு பொருளில் போக்குவரத்தும் ஏற்றுக்கூலியும் போக நூற்றுக்கு ஒன்றரை ரூபாதான் நிற்கிறது என்றால், வரி 1.25 போக மிச்சம் கால் ரூபா. அதை விற்பதால் வேறு பொருளுக்கு ஆள் வருகிறதா என்று யோசியுங்கள். சீமெந்து வாங்க வருபவர் ஆணி, குழாய், பெயின்ற் எல்லாம் வாங்குவார் என்றால் வைத்திருங்கள். தனியாக லொறியில் ஏற்றி விடும் மொத்த ஓடர் மட்டும்தான் என்றால், உற்பத்தியாளரின் விநியோகத்தரிடமிருந்து நேராக அந்த வாடிக்கையாளருக்குப் போகச் செய்து நீங்கள் தரகு வாங்கலாம். பில் அவர்களுக்கிடையில் இருந்தால் உங்கள் புரள்வு தரகு மட்டும். ஆனால் தரகு சேவை, அதற்கு முழு 2.5 என்பதையும் போட்டுப் பாருங்கள். 1,000 ரூபாவுக்கு 12.50 கட்டுவதற்குப் பதில் 15 ரூபா தரகுக்கு 38 சதம்.

பழைய டெலிவரி வானை வித்தனான். அதுவும் புரள்வில சேருமா?

நீங்கள் வாகன வியாபாரி இல்லையென்றால் சேராது. கடையின் மூலதனச் சொத்தை விற்று வரும் காசு இந்த வரிக்கான புரள்வு அல்ல. விற்ற ஒப்பந்தத்தையும், வான் கடையின் சொத்தாகப் பதிந்திருக்கும் பழைய கணக்கையும் அந்தக் காலாண்டுக் கோப்போடு சேர்த்து வையுங்கள். வங்கிக் கணக்கில் திடீரென்று 40 லட்சம் வந்தது எப்படி என்று கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.